புரொஸ்டேட் அகற்றியபின் நிற்காத சிறுநீர்க் கசிவு: ஸ்லிங் நல்லதா, செயற்கைச் சுருக்குத்தசை நல்லதா?

உவர்மலை மகன்

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 68. துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புரொஸ்டேட் புற்றுநோய்க்காகக் கொழும்பில் சுரப்பியை முழுவதுமாக அகற்றி ஒன்றரை வருடமாகிறது. புற்றுநோய் திரும்புகிறதா என்று காட்டும் பிஎஸ்ஏ அளவு இரத்தப் பரிசோதனையில் அடங்கியே இருக்கிறது. கசிவுதான் நிற்கவில்லை. படுத்திருக்கும்போது பெரும்பாலும் ஈரமில்லை. எழுந்தால், இருமினால், வாளியைத் தூக்கினால் போய்விடுகிறது. மாலையில் இன்னும் மோசம்.

கிளினிக்கில் இரண்டு சத்திரசிகிச்சைகளைச் சொன்னார்கள். ஒன்று ஸ்லிங் என்ற தாங்கு நாடா, மற்றது செயற்கைச் சுருக்குத்தசை, அதாவது சிறுநீர்வழியை மூடித் திறக்க உடம்புக்குள் வைக்கும் பம்ப் கருவி. அங்கிருந்த கூட்டத்தில் விபரமாகக் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஸ்லிங் சிறிய சத்திரசிகிச்சை என்பதால் அப்பாவின் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டவர்கள் அல்லது வீட்டில் பார்த்தவர்கள் எழுதுங்கள். அப்பா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பஸ்ஸில் ஹபரணை தாண்டிப் போகவேண்டும் என்றால் முதல் நாளிலிருந்தே சாப்பாடு இறங்குவதில்லை. இதை இப்படியே விட எனக்கு மனமில்லை.

கொட்டியாரக்கரை

தம்பி, நான் மூதூர். ஸ்லிங் போட்டுக்கொண்டவன். உங்கள் அப்பாவைப்போலத்தான், நின்றால் கசிவு, படுத்தால் இல்லை. சென்னையில் செய்தார்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் ஒரு வெட்டு, இரண்டு தொடை மடிப்பிலும் சின்னத் துளைகள். பொலிபுரொப்பிலீன் வலையால் ஆன நாடா ஒன்றைச் சிறுநீர்வழியின் கீழே கொடுத்து, அந்த இடத்தைச் சற்று மேலும் உள்ளேயும் தூக்கி நிறுத்துகிறார்கள். அசையும் பாகம் எதுவும் கிடையாது. அழுத்தவோ திறக்கவோ வேண்டியதில்லை. சிறுநீர் வடிய வைத்த குழாயான கதீற்றரை மறுநாள் எடுத்தார்கள், நானாகவே சிறுநீர் கழித்தேன். சிலருக்கு முதலில் சில நாட்கள் அடைத்துக்கொள்ளுமாம். அவர்களுக்குக் கதீற்றரைத் திரும்பப் போட்டுக் காத்திருப்பார்கள்.

கடினமானது அதன் பிறகுதான். 6 வாரங்களுக்குக் குந்தியிருக்கக் கூடாது, காலை அகட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். தசை பிடித்துக்கொள்வதற்கு முன்னர் நாடா நழுவினால் செய்த வேலை வீண். எங்கள் வீட்டில் குந்தியிருக்கும் மலசலகூடம்தான். நடுவில் ஓட்டை உள்ள கொமோட் கதிரை ஒன்றை வாங்கி மேலே வைத்தோம். படகில் ஏறி இறங்குவதையும் நிறுத்தினேன். காலை அகட்டாமல் பைபர் படகுக்குள் ஏற முடியாது என்பது எங்கள் ஊரவர்களுக்குத் தெரியும்.

இப்போது பலத்த தும்மல் வந்தால் இரண்டு சொட்டுப் போகும். வேறொன்றும் இல்லை. அப்பாவுக்கு ஸ்லிங்கைத்தான் சொல்வேன்.

நிலாவெளிக் காற்று

மற்றவர்கள் சத்திரசிகிச்சையைப் பற்றியே பேசுவதால் இதை எழுதுகிறேன். எனக்கும் புரொஸ்டேட் எடுத்தார்கள். முதல் மாதங்களில் வீட்டு வாசற்படியைத் தாண்டவே பயந்தேன். பிசியோதெரபி அம்மா ஒருவர் இடுப்புத்தளப் பயிற்சி சொல்லித்தந்தார். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயையும் முன்பக்கத்தையும் உள்ளிழுத்து, சில நொடிகள் பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குவது பயிற்சி அல்ல. இருமுவதற்கும் எழுவதற்கும் முன்பே இறுக்கிப் பழக வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் செய்தேன். இன்று கசிவை உறிஞ்சும் பாட் தேவையில்லை. 68 வயதில் இன்னொரு தடவை மேசையில் கிடத்துவதற்கு முன்னர் அவருக்குப் பயிற்சி சரியாகக் கற்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது பயிற்சி ஆகாது.

ஓய்வுபெற்ற தாதி

சிறுநீரக, சிறுநீர்வழி விடுதியில் நீண்ட காலம் வேலை செய்தவள் நான். நிலாவெளி அண்ணை சொல்வது மிகவும் சரி, ஆனால் அதற்கொரு கால எல்லை உண்டு. சிறுநீர்ப்பையின் வாயில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. பையின் கழுத்தோடு சேர்ந்த உள்பூட்டு, புரொஸ்டேட்டை அகற்றும்போது பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது கீழே உள்ள வெளிச் சுருக்குத்தசை. அது தனியாக வேலை பார்க்கப் பழக மாதங்கள் எடுக்கும், பயிற்சி அதற்குத்தான். பெரும்பாலானவர்களுக்கு முதல் 12 மாதங்களுக்குள் வரவேண்டிய முன்னேற்றம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் தொல்லையாக இருந்தால் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் அதுதான். அமெரிக்க வழிகாட்டல்களின்படி, பயிற்சி செய்தும் முன்னேற்றம் காணாதவர்களுக்கு 6 மாதத்திலேயே அதைப் பேசலாம்.

வாசிப்பவர்களில் யாராவது பயந்துவிடாமல் ஒன்றைச் சொல்லவேண்டும். வயதினால் வீங்கிய புரொஸ்டேட்டைச் சிறுநீர்வழியாகச் சுரண்டி எடுப்பது வேறு, புற்றுநோய்க்காக முழுச் சுரப்பியையும் அகற்றுவது வேறு. முதலாவதில் நீடித்த கசிவு வருவது அபூர்வம்.

தம்பி, எது நல்லது என்ற கேள்விக்கு நான்கு விடயங்கள் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போகிறது? கதிர் சிகிச்சை நடந்ததா? நடுவில் சிறுநீரை நிறுத்தச் சொன்னால் கொஞ்சமாவது நிறுத்த முடிகிறதா? அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, போய்ச் சேருவதற்குள் போகிறதா, அல்லது அசைந்தால் மட்டும் போகிறதா? அவசரத்தால் போவதற்கு முதலில் மாத்திரை உண்டு, அதற்கு ஸ்லிங் மருந்தல்ல.

கிராம் அளப்பது எளிது. உலர்ந்த பாட் ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மறுநாள் காலைவரை கழற்றும் ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் கட்டி வைத்து நிறுங்கள். உலர்ந்த நிறையைக் கழித்தால் வருவதுதான் கசிவு. 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லிலீற்றர். இப்படி இரண்டு மூன்று நாட்கள் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். "நிறையப் போகிறது, டொக்டர்" என்று சொல்பவரையும் இந்தத் தாளை நீட்டுபவரையும் ஒரே மாதிரி யாரும் நடத்துவதில்லை. நான் கண்ணால் பார்த்தது.

சாம்பல்தீவு அம்மா

நோயாளியின் மனைவியாக எழுதுகிறேன். என் கணவர் பம்பர்ஸ் நனையாமல் இருக்கவேண்டும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். இங்கே ஆடி மாத வெயில் எப்படி என்று தெரியும்தானே. சிறுநீர் மஞ்சளாகிக் கடுத்து, கிருமித் தொற்று வந்து, காய்ச்சலோடு வைத்தியசாலையில் கிடந்தார். செறிந்த சிறுநீர் பையைக் கூடுதலாக உறுத்தும் என்று அங்கேதான் சொன்னார்கள். குறைக்கவேண்டியது பிளேன்டீயும் கோப்பியும், தண்ணீர் அல்ல.

தோலையும் பாருங்கள் தம்பி. தொடை மடிப்பு வெந்து சிவந்தால் நடக்கவே முடியாது. கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்தி, சிங்க் கிறீம் பூசினால் தாங்கும். அதோடு, உங்கள் அம்மா இருந்தால் அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இராத்திரி எத்தனை தடவை துணி மாற்றுகிறார் என்பதை ஆண்கள் வைத்தியரிடம் சொல்வதில்லை.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கம் இந்தக் குறையுள்ளவர்கள் பள்ளிக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். ருகூவுக்குக் குனிந்தாலே போய்விடுகிறது என்று என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் இதற்கு வழி இருக்கிறது. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, சுத்தமான துணியோ பாடோ கட்டி, அந்தக் கடமையான தொழுகைக்கென்று வுழூ எடுத்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். இடையில் கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும். உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வெட்கத்தில் ஒதுங்கி இருக்க வேண்டாம்.

நான் சத்திரசிகிச்சை செய்யவில்லை. வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் ஆணுறுப்பில் மாட்டும் கவ்வியைப் பயன்படுத்துகிறேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் தளர்த்திவிட வேண்டும், தூங்கும்போது போடவே கூடாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் புண்ணாகிவிடும்.

உவர்மலை மகன்

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தோம். அப்பா முதலில் கோபப்பட்டார். பிறகு, களஞ்சியப் பழக்கம் போகுமா, தானே ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு கிழித்து நேரம், மொத்த நிறை, கழிவு, நிகர நிறை, குறிப்பு என்று நிரல் போட்டுவிட்டார். குறிப்பு நிரலில் "மாடிப்படி", "தும்மல்", "தேங்காய் துருவியபோது" என்றெல்லாம் இருக்கிறது. நாளொன்றுக்கு 430 முதல் 480 கிராம் வரை வருகிறது. இவ்வளவு போகும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கதிர் சிகிச்சையும் நடந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் எடுத்தார். நடுவில் நிறுத்தச் சொன்னால் வேகம் குறைகிறது, நிற்கவில்லை. அவசரமாக முட்டிக்கொண்டு வருவதில்லை. பயிற்சியைப் பிசியோதெரபியில் நேரில்தான் கற்றார், இன்றும் செய்கிறார்.

ஓய்வுபெற்ற தாதி

அப்படியானால் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்த இரண்டு விபரங்களும் செயற்கைச் சுருக்குத்தசையின் பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஸ்லிங் நன்றாக வேலை செய்வது குறைந்த, நடுத்தரக் கசிவுக்கு, அதுவும் வெளிச் சுருக்குத்தசையில் கொஞ்சம் பலம் மிஞ்சியிருப்பவர்களுக்கு. நாளுக்கு 400 கிராமுக்கு மேல் என்றால் கடுமையான கசிவு என்றே எடுப்பார்கள். கதிர்பட்ட திசு இறுகியிருக்கும், நாடா தூக்கினாலும் அது இணங்கி நகராது. மூதூர் அண்ணைக்குப் பலன் கிடைத்ததற்கு அவருடைய கசிவு குறைவாக இருந்ததும் கதிர் எடுக்காததும் காரணமாக இருக்கலாம்.

கொட்டியாரக்கரை

அக்கா சொல்வது உண்மை, நான் கதிர் எடுக்கவில்லை. நாளுக்கு இரண்டு பாட் நனையும், அவ்வளவுதான். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். பிரித்தானியாவில் மாஸ்டர் என்ற ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, ஸ்லிங் எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று சொன்னதாக என் வைத்தியர் கூறினார். அப்படியிருக்க ஏன் ஒரு மனிதனின் உடம்பில் பம்ப் வைக்கவேண்டும்?

ஓய்வுபெற்ற தாதி

நல்ல கேள்வி. 2021இல் வெளிவந்த ஆய்வு அது. 380 ஆண்கள். 12 மாதம் கழித்து "கொஞ்சமாவது கசிகிறதா" என்று கேட்டபோது ஸ்லிங் போட்டவர்களில் 87 சதவீதமும் செயற்கைச் சுருக்குத்தசை வைத்தவர்களில் 84 சதவீதமும் ஆம் என்றார்கள். அந்த எண்ணைப் பார்த்து இரண்டுமே வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு சொட்டுப் போனாலும் ஆம் என்று கணக்கிட்ட கடுமையான அளவுகோல் அது. இரண்டு பக்கத்திலும் கசிவு நன்றாகக் குறைந்தது, பெரும்பாலானவர்கள் திருப்தியாக இருந்தார்கள், அந்தத் திருப்தி செயற்கைச் சுருக்குத்தசைப் பக்கம் கூடுதலாக இருந்தது. பாரதூரமான பக்கவிளைவுகள் ஸ்லிங் பக்கம் குறைவு.

ஆகவே உங்கள் வைத்தியர் தவறாகச் சொல்லவில்லை, அண்ணை. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. கடுமையான கசிவும் கதிர் சிகிச்சையும் சேர்ந்த ஒருவருக்கு அந்தச் சராசரியை அப்படியே பொருத்த முடியாது.

உவர்மலைத் தம்பிக்கு இன்னொன்று: முற்றிலும் உலர்ந்துவிடும் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு பாட், அல்லது பாதுகாப்புக்கு ஒன்று என்ற நிலை வந்தால் அதுவே பெரிய வெற்றி.

தம்பலகாமம் ரொறன்ரோ

செயற்கைச் சுருக்குத்தசை வைத்திருப்பவன் எழுதுகிறேன். ஊர் தம்பலகாமம், இப்போது ரொறன்ரோவில். எனக்கும் கதிர் எடுத்த பிறகுதான் வைத்தார்கள். கருவியின் பெயர் ஏஎம்எஸ் 800. 1980களிலிருந்து பயன்பாட்டில் இருப்பது. இதன் முன்னோடிக் கருவியை அமெரிக்காவில் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்கொட் என்ற வைத்தியர் 1970களின் தொடக்கத்தில் பொருத்தினார்.

மூன்று பாகம். சிறுநீர்வழியைச் சுற்றி ஒரு வளையம், வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப். உள்ளே ஓடுவது உப்புநீர். வளையம் நிறைந்திருக்கும்போது வழி மூடியிருக்கும். மலசலகூடத்துக்குப் போனதும் விதைப்பைத் தோலின் மேலாகப் பம்பைப் பிடித்து அழுத்துகிறேன். இரண்டு மூன்று அழுத்தில் நீர் பலூனுக்குப் போய் வளையம் தளர்கிறது. சிறுநீர் கழித்த பிறகு ஒன்றும் செய்யத் தேவையில்லை, சில நிமிடங்களில் பலூனின் அழுத்தத்தால் வளையம் தானாகவே நிறைந்து மூடிக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. விரலுக்கு மென்மையான ஒரு குமிழும், அதற்குச் சற்று மேலே கடினமான ஒரு சிறு பொத்தானும் தட்டுப்படும், அவ்வளவுதான். வளையம் தளர்ந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் அது திறந்தபடியே நின்றுவிடும். அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வைத்தவுடன் வேலை செய்யாது. காயம் ஆறுவதற்காக 6 வாரம் அணைத்தே வைத்திருப்பார்கள். அந்த வாரங்களில் பழையபடி கசியும். வீட்டில் எல்லோரும் மனம் உடைந்துபோகிற காலம் இது. இயக்கிய முதல் நாள் நான் நின்றுகொண்டே இருமிப் பார்த்தேன். துணி உலர்ந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை இருமிக் காட்டினேன்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. தொற்று வந்தால் முழுக் கருவியையும் எடுக்கவேண்டும். வளையம் சிறுநீர்வழியை அரித்து உள்ளே வரலாம், கதிர் எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்துக் கூடுதல். காலப்போக்கில் வளையத்தின் கீழுள்ள திசு மெலியலாம், கருவியும் பழுதாகலாம். பலருக்கு 10 வருடமளவில் ஒரு மறு சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. நீரிழிவு இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சைக்கிள் இருக்கை சரியாக வளையம் இருக்கும் இடத்தில் அழுத்துவதால் எனக்குச் சைக்கிள் தடை.

பொத்தான் விடயத்துக்கு வருகிறேன். என்னைப்போலக் கருவி வைத்த நண்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது மயங்கி விழுந்து ஒரு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். கருவி இருப்பது தெரியாமல், மூடிய வளையத்துக்குள்ளே கதீற்றரைச் செலுத்தப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீர்வழி காயமாகி, கடைசியில் கருவியையே எடுக்கவேண்டி வந்தது. பம்பை அழுத்தி வளையத்தைத் திறந்து, பொத்தானால் கருவியை அணைத்த பிறகே, அதுவும் மெல்லிய கதீற்றரைத்தான், செலுத்த வேண்டும். ஆகவே பணப்பையில் ஒரு அட்டை இருக்கட்டும். இலங்கையில் இருப்பவர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவராவது வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலாவெளிக் காற்று

வாசித்தேன். கதிரும் எடுத்து, 450 கிராமும் போகிறது என்றால் பயிற்சி மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 68 வயதுக்காரருக்கு அந்தப் பம்பை அழுத்த முடியுமா? எங்கள் வயதில் விரல் மூட்டுகள் எப்படி இருக்கும் என்று இளையவர்கள் யோசிப்பதில்லை.

ஓய்வுபெற்ற தாதி

யோசிக்க வேண்டும், அண்ணை. நல்ல மையங்களில் சத்திரசிகிச்சைக்கு முன்னர் மாதிரிப் பம்பைக் கையில் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள். வலது கையால் மட்டுமல்ல, இடது கையாலும் பார்க்க வேண்டும். ஞாபகமறதி தொடங்கியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குவார்கள். அதுவும் நியாயம்தான், திறக்க மறந்தால் சிறுநீர்ப்பை நிரம்பித் தவித்துப்போவார்.

தம்பி, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்னர் சிஸ்டோஸ்கோப்பி, அதாவது கமராக் குழாயால் உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்யாமல் விடவேண்டாம். பையையும் சிறுநீர்வழியையும் இணைத்துத் தைத்த இடம் கதிர் எடுத்தவர்களுக்குச் சுருங்கியிருக்கலாம். சிறுநீரில் கிருமி இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும்.

உவர்மலை மகன்

பரிசோதனை முடிந்தது. அப்பாவின் கொப்பியை நிபுணர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். ஸ்லிங் இவருக்குப் பொருந்தாது, செயற்கைச் சுருக்குத்தசைதான் என்று அவரும் சொன்னார். கருவியை வரவழைப்பதையும் செலவையும் தனியாகப் பேசுகிறோம். ரொறன்ரோ அண்ணாவின் பதிலை அப்பாவே இரண்டு தடவை வாசித்தார். தைரியம் கொஞ்சம் வந்திருக்கிறது. விரல்களில் பலம் இருக்கிறது, மாதிரிப் பம்பை இரண்டு கையாலும் அழுத்திக் காட்டினார்.

ஆனால் தாதி அக்கா பயந்தது நடந்துவிட்டது. தைத்த இடம் சுருங்கியிருக்கிறது. முதலில் அதை வெட்டித் திறந்துவிட்டு, சில மாதங்கள் விட்டுத் திரும்பவும் கமராவால் பார்ப்பார்களாம். திறந்தே நிலைத்திருந்தால்தான் கருவி. அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம். ஏன் உடனே இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது என்று கேட்கிறார். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. சுருக்கத்தைத் திறந்தால் கசிவு இன்னும் அதிகமாகாதா?

ஓய்வுபெற்ற தாதி

கூடலாம் தம்பி, அதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இதுவரை அந்தச் சுருக்கமும் ஓரளவு தடுத்துக்கொண்டிருந்தது. திறந்தபின் கொப்பியில் எண்கள் ஏறினால் சத்திரசிகிச்சை தோற்றுவிட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. பாட், சிங்க் கிறீம் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சேர்த்துச் செய்யாததற்குக் காரணம் இதுதான்: வெட்டித் திறந்த இடம் மீண்டும் சுருங்குவது வழக்கமாக நடப்பது. வளையத்தை வைத்த பிறகு சுருங்கினால், அதைத் திறக்கக் கருவிகளை வளையத்தின் ஊடாகவே செலுத்தவேண்டி வரும். கதிர்பட்ட திசுவில் அது வளையத்தின் கீழே அரிப்பை உண்டாக்கக்கூடும். காத்திருக்கும் மாதங்களில் அவர் நிறுப்பதை நிறுத்த வேண்டாம். சிறுநீரின் தாரை மெலிந்தாலோ, முக்கிக் கழிக்க நேர்ந்தாலோ, கசிவு திடீரென்று குறைந்தாலோ குறிப்பு நிரலில் எழுதச் சொல்லுங்கள். கசிவு குறைவது நல்லதாகத் தோன்றும், ஆனால் அவருக்கு அது மீண்டும் சுருங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.